காரணம்: 2

இஎஸ்ஐ இணையதளத்தில் முதலாளி மாதாமாதம் சந்தா விவரம் ஏற்றும்போது, ஒரு தொழிலாளி அந்த மாதம் ஒரு நாள்கூட வேலை செய்யவில்லை என்றால் அது காரணம் கேட்கும். பதிலை வாக்கியமாக எழுத இடமில்லை, ஓர் எண்ணைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். 1 என்றால் விடுப்பு. 2 என்றால் வேலையை விட்டுவிட்டார். 3 பணி ஓய்வு, 5 மரணம். 10 என்றால் ஆட்குறைப்பு. 11 என்றால் வேலை இல்லை. ஸ்ரீரங்கத்தில் ஒரு சைவ ஹோட்டலின் சரக்கு மாஸ்டருக்கு 2020 ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் 11 போட்டிருந்தார்கள். ஜூலையில் 2 போட்டார்கள். அந்த 2-ஐ 10 ஆக்குவதுதான் வழக்கு.

மாஸ்டருக்கு ஐம்பது வயதிருக்கும். ஊர் லால்குடிப் பக்கம். பதினோரு வருடம் அதே அடுப்படி. விடியற்காலை நாலு மணிக்கு சாம்பாருக்குப் பருப்பு ஏற்றுவதில் ஆரம்பித்து, மத்தியானச் சாப்பாட்டுப் பந்தி முடியும்வரை அவர் கை ஓயாது. வாரநாட்களில் ஹோட்டல் மாடியிலேயே படுக்கை. மார்கழியில் பகல்பத்து, இராப்பத்து இருபது நாளும் ஊருக்கே போக மாட்டார். ஸ்ரீரங்கத்தில் ஹோட்டல், லாட்ஜ், பூக்கடை, ஆட்டோ எதுவானாலும் பெருமாளைப் பார்க்க வருகிற கூட்டத்தை நம்பித்தான் பிழைக்கிறது. 2020 மார்ச்சில் கோயில் நடை பக்தர்களுக்கு அடைபட்டதும் சித்திரை வீதியிலும் உத்தர வீதியிலும் கடைகளின் இரும்புக் கதவுகள் இறங்கின. மறுபடி பக்தர்களை விட்டது செப்டம்பர் 1-ஆம் தேதி. ஹோட்டலும் அந்த மாதமே திறந்தது, பாதி ஆட்களோடு. மாஸ்டருக்கு அழைப்பு வரவில்லை. அக்டோபர் முதல் வாரத்தில் அவரே நேரில் போனபோது, "உங்க கணக்கெல்லாம் முடிச்சாச்சே மாஸ்டர்" என்று கல்லாவில் இருந்தவர் சொல்லியிருக்கிறார்.

என்னிடம் வருமுன் அவர் இரண்டு இடத்துக்குப் போயிருந்தார். முதலில் வேலைவாய்ப்பு அலுவலகம். வேலையில்லாதவர்களுக்கு அரசாங்கம் பணம் தருகிறது என்று யாரோ சொன்னதை நம்பிப் போயிருக்கிறார். அப்படி ஒன்று இருப்பது உண்மைதான். பத்தாவது தவறியவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300, பன்னிரண்டாவதுக்கு 400, பட்டதாரிக்கு 600 என்று தமிழக அரசு கொடுக்கும் உதவித்தொகை அது. பதிந்து ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும், பொதுப்பிரிவில் நாற்பது வயதைத் தாண்டக் கூடாது. படித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருக்கும் இளைஞருக்கானது. வேலை பார்த்து, அந்த வேலையை இழந்தவருக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. எட்டாவது படித்த மாஸ்டருக்கு எந்தக் கணக்கிலும் பொருந்தாது. இந்தக் குழப்பத்தோடு இன்றைக்கும் வாரத்துக்கு ஒருவராவது என் அலுவலகப் படியேறுகிறார்.

இரண்டாவது, சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டர். அங்கிருந்த பையன் விவரம் தெரிந்தவன். மாஸ்டரின் சம்பளச் சீட்டில் இஎஸ்ஐ பிடித்தம் 120 ரூபாய் இருப்பதைப் பார்த்துவிட்டு, "ஐயா, உங்களுக்கு அடல் திட்டம் இருக்கு" என்று சொல்லி விண்ணப்பத்தைத் திறந்திருக்கிறான். அடல் பீமித் வ்யக்தி கல்யாண் யோஜனா என்று வாயில் நுழையாத பெயர். 2018 ஜூலை முதல் இஎஸ்ஐ கழகம் நடத்தும் திட்டம். காப்பீட்டில் இருக்கும் தொழிலாளி வேலை இழந்தால் வாழ்நாளில் ஒருமுறை, தொண்ணூறு நாள்வரை பணம் கிடைக்கும். முதலில் சராசரி நாள் கூலியில் கால்பங்காக இருந்தது. கொரோனா வந்ததும், 2020 மார்ச் 24-க்குப் பிறகு வேலை இழந்தவர்களுக்கு அதைப் பாதியாக உயர்த்தினார்கள். தொண்ணூறு நாள் காத்திருந்து விண்ணப்பிக்க வேண்டும் என்பதையும் முப்பது நாளாக்கினார்கள். முதலாளி கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும் என்பதை எடுத்துவிட்டு, தொழிலாளியே நேராக விண்ணப்பிக்கலாம் என்றார்கள். நல்ல மாற்றங்கள்தான். ஆனால் விண்ணப்பத்தை எதோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பார்கள்? முதலாளி ஏற்றிய விவரத்தோடு. தானாக வேலையை விட்டவர், விருப்ப ஓய்வு பெற்றவர், ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவர், ஓய்வு வயதை எட்டியவர், இவர்களுக்கெல்லாம் அந்தத் திட்டத்தில் இடமில்லை. மாஸ்டரின் பத்து இலக்க எண்ணுக்கு நேரே 2 நின்றது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அலுவலகத்தைக் குறை சொல்வதற்கில்லை, அவர்கள் முன்னால் இருந்த பதிவு அப்படி.

நவம்பரில் அவர் என் எதிரே உட்கார்ந்து ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொட்டினார். இஎஸ்ஐ கார்டு, சம்பளச் சீட்டுகள், மனைவியின் சுகர் மாத்திரைச் சீட்டு, நிராகரித்ததன் நகல்.

"நீங்க ராஜினாமா எழுதிக் கொடுத்தீங்களா மாஸ்டர்?"

"இல்லீங்க சார். பிஎஃப்புக்குன்னு கூப்பிட்டாங்க. ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போட்டேன்."

"எப்போ?"

"ஜூன்ல. பஸ் ஓடுச்சே, அப்போ."

அந்தச் சமயத்தில் வருங்கால வைப்பு நிதியிலிருந்து கொரோனா முன்பணம் எடுக்க அனுமதித்திருந்தார்கள். மூன்று மாதச் சம்பளம் அல்லது இருப்பில் முக்கால், எது குறைவோ அது. அதற்கு வேலையை விட வேண்டியதே இல்லை. ஆதாரும் வங்கிக் கணக்கும் இணைந்திருந்தால் ஆன்லைனில் தொழிலாளியே போட்டுக்கொள்ளலாம். மாஸ்டருக்கு அது தெரியாது. தெரியாது என்பது ஹோட்டலுக்குத் தெரியும்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். அந்த முதலாளியைக் கொடியவர் என்று நான் நினைக்கவில்லை. ஐந்து மாதம் ஒரு ரூபாய் வியாபாரம் இல்லை, கடைக்கு வாடகை, வங்கியில் கடன். ஆளைக் குறைத்தே ஆக வேண்டிய நிலைமை. குறைத்ததை அப்படியே 10 என்று பதிந்திருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு அப்போதிருந்த தொழில் தகராறுச் சட்டத்தின் 25எஃப் தெரியாது. ஒரு வருடம் தொடர்ந்து வேலை பார்த்தவரை ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், முடிந்த ஒவ்வொரு வருடத்துக்கும் பதினைந்து நாள் சராசரிச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். மாஸ்டரின் சம்பளம் 16,000. நோட்டீஸுக்கு 16,000, பதினோரு வருடத்துக்கு 88,000, மொத்தம் 1,04,000. 10 என்று போடுவது இந்தக் கடனை ஒப்புக்கொண்டு எழுத்தில் கொடுப்பது. 2 என்று போட்டால் ஒரு பைசா இல்லை. எந்தத் தணிக்கையாளரானாலும் முதலாளிக்கு எதைச் சொல்லிக் கொடுப்பார்?

இந்தியாவில் வேலை இழந்தவருக்கான நிவாரணத்தில் கோளாறு இங்கேதான் இருக்கிறது. பணம் முதலாளியுடையதல்ல, இஎஸ்ஐ நிதியுடையது. மாஸ்டரும் வருடக்கணக்கில் அதற்குச் சந்தா கட்டியிருக்கிறார். ஆனால் அந்தப் பெட்டியின் சாவி முதலாளி கையில். திறந்தால் தன் பணப்பையும் சேர்ந்து திறக்கும் என்று தெரிந்தவர் கையில்.

ராஜினாமா கடிதத்தின் நகல் எங்கள் கைக்கு வந்தது டிசம்பரில். தொழில் தகராறுச் சட்டத்தின் 2ஏ பிரிவில் சமரச அலுவலரிடம் மனுப் போட்டிருந்தோம், ஹோட்டல் தரப்பு பதிலோடு இணைத்திருந்தார்கள். ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த நாலு வரி. சொந்தக் காரணங்களால் வேலையிலிருந்து விலகுகிறேன், எல்லாப் பாக்கியும் பெற்றுக்கொண்டேன், இனி எந்த உரிமையும் கோர மாட்டேன். கீழே தமிழில் மாஸ்டரின் கையெழுத்து. பேனாவால் எழுதிய தேதி: 19.7.2020. பதிலில், அன்றைக்கு அவர் நேரில் வந்து கொடுத்ததாக எழுதியிருந்தார்கள்.

என் ஜூனியர் பெண் ஒருத்தி அந்தத் தேதியைக் காலண்டரில் பார்த்துவிட்டுச் சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமை. 2020 ஜூலையில் தமிழ்நாட்டில் எல்லா ஞாயிறும் தளர்வுகளற்ற முழு ஊரடங்கு. பாலும் மருந்தும் தவிர எதுவும் கிடையாது. அந்த மாதம் பேருந்தும் நிறுத்தியிருந்தார்கள். லால்குடியிலிருந்து டோல்கேட் வந்து, கொள்ளிடம் பாலம் தாண்டி, திருவானைக்காவல் வழியாக ஸ்ரீரங்கம் வர வேண்டும், பதினைந்து கிலோமீட்டருக்கு மேல். மாஸ்டரிடம் இருந்தது ஒரு பழைய சைக்கிள். பூட்டிய ஹோட்டலுக்கு, போலீஸ் நிற்கும் பாலத்தைக் கடந்து, ராஜினாமா கொடுக்க வந்தாராம்.

கூடவே இன்னொன்றும் கிடைத்தது. மாஸ்டர் சொல்லி, அவரோடு வேலை பார்த்த சப்ளையர், டீ மாஸ்டர் என்று நாலு பேர் தங்களிடம் இருந்த நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். எல்லாம் அதே நாலு வரி. 'பெர்சனல்' என்ற ஆங்கிலச் சொல்லில் ஐந்து கடிதத்திலும் ஒரே எழுத்துப் பிழை. தட்டச்சு செய்தவருக்கு நான் மனதுக்குள் நன்றி சொன்னேன்.

ஆனால் தேதியைத் தொடுவதில் வேறு ஓர் ஆபத்து இருந்தது. ஜூலையில் ராஜினாமா பொய், எனக்கு அக்டோபரில்தான் வேலை போனது தெரியும் என்று மாஸ்டர் சொல்வது உண்மை. அந்த உண்மையை அப்படியே எழுதினால் நிவாரணம் கைவிட்டுப் போகும். எப்படி என்றால், இஎஸ்ஐ சந்தாக் காலம் வருடத்தில் இரண்டு: ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச். அடல் திட்டத்துக்கு இரண்டு வருடம் காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும். வேலை இழப்பதற்கு நேர் முந்தைய சந்தாக் காலத்தில் குறைந்தது 78 நாள் சந்தா, அதற்கு முந்தைய மூன்றில் ஏதாவது ஒன்றில் இன்னொரு 78 நாள். ஜூலையில் வேலை போனது என்றால் முந்தைய காலம் 2019 அக்டோபர் முதல் 2020 மார்ச் வரை. மாஸ்டர் லீவே எடுக்காத ஆள், தாராளமாக இருக்கிறது. அக்டோபரில் போனது என்றால் முந்தைய காலம் அந்த ஊரடங்கு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. சம்பளம் இல்லை, சந்தா இல்லை, நாள் பூஜ்யம்.

ஊரடங்குக் காலச் சம்பளத்தைக் கேட்டு வாங்கினால் அந்த நாட்கள் கணக்கில் ஏறாதா என்றும் பார்த்தோம். மார்ச் 29-ஆம் தேதி மத்திய உள்துறை முழுச் சம்பளம் கொடுக்கச் சொல்லி உத்தரவு போட்டது. மே 18 முதல் அது நடைமுறையில் இல்லை. ஜூன் 12-ல் உச்ச நீதிமன்றம் ஃபைகஸ் பாக்ஸ் வழக்கில், கொடுக்காத முதலாளி மீது கட்டாய நடவடிக்கை வேண்டாம், இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றது. எல்லாம் நமக்குச் சாதகமாகி மே 17 வரை சந்தா கட்டினாலும் ஏப்ரல் முதல் 47 நாள்தான் தேறும். 78-க்கு 31 குறைவு.

ஆகவே ஜூலையை ஒப்புக்கொள்வது, காரணத்தை மறுப்பது என்று முடிவெடுத்தோம். இதில் பொய் எதுவும் இல்லை. மாஸ்டருக்குத் தெரிந்தது அக்டோபரில் என்றாலும், ஹோட்டல் பதிவேட்டிலிருந்து பெயரை அடித்தது ஜூலையில்தான். பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்குவதே ஆட்குறைப்பு என்று 1977-லேயே டெல்லி கிளாத் மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதற்கு முந்தைய வருடம் சுந்தரமணி வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர், 2(ஓஓ) பிரிவில் உள்ள 'எந்தக் காரணத்தால் ஆனாலும்' என்பதற்கு அதன் முழு அகலத்தையும் கொடுத்துத் தீர்ப்பு எழுதினார். ஸ்டேட் வங்கியில் விட்டுவிட்டுத் தற்காலிகமாக வேலை பார்த்த ஒருவருக்காக எழுதிய தீர்ப்பு அது. பதினோரு வருடம் அடுப்பில் நின்றவருக்குப் பொருந்தாமல் போகுமா?

முதல் வாய்தாவுக்கு ஹோட்டல் தரப்பில் யாரும் வரவில்லை. டிசம்பர் 25 வைகுண்ட ஏகாதசி, சீசன் முடியட்டும் என்று அவகாசம் கேட்டார்கள். மாஸ்டருக்கு அது உறைத்தது. "இந்த வருஷம் சாம்பார் யார் வைக்கிறாங்களோ" என்றார். ஜனவரியில் ஹோட்டலின் ஆலோசகர் வந்தார். தொழிலாளர் சட்ட விவகாரங்களைப் பல நிறுவனங்களுக்குப் பார்க்கும் அனுபவசாலி. சமரச நடவடிக்கையில் சாட்சிக் கூண்டு கிடையாது, குறுக்கு விசாரணை கிடையாது. அலுவலர் மட்டும் கடிதத்தைப் பார்த்துவிட்டு, சாதாரணமாகக் கேட்டார்:

"பத்தொன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. எப்படி வந்தாரு?"

ஆலோசகர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கடிதம் முன்னாடியே வாங்கினது சார். தேதி மட்டும் ஆபீஸ்ல போட்டாங்க" என்றார்.

உதவி செய்வதாக நினைத்துச் சொன்ன வார்த்தை. அலுவலர் அதைக் குறிப்பில் எழுதிக்கொண்டார். மற்ற நாலு கடிதங்களையும் நான் மேஜைமேல் வைத்தேன், எதுவும் பேசவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது பேரம். தொழிற்சங்க நண்பர்கள் சிலர், சமரசம் முறியட்டும், தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போய் மீண்டும் வேலையும் பின்சம்பளமும் கேளுங்கள் என்றார்கள். கேட்டிருக்கலாம். தீர்ப்பு வர ஐந்தாறு வருடம், பிறகு மதுரைக் கிளையில் ரிட். அதற்குள் மாஸ்டருக்கு அறுபதை நெருங்கியிருக்கும். தவிர, வேலை இழந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் அடல் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். எங்களுக்குப் பணத்தைவிட அந்த எண் முக்கியம். எண்ணை மாற்றிக் கொடுத்தால் இழப்பீட்டில் விட்டுக்கொடுக்கிறோம் என்று சொன்னேன். சட்டப்படி கிடைக்க வேண்டியதில் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. என்னிடம் இருக்கும் பதில் லால்குடியில் அரிசி வாங்கக் காசில்லாத வீடு.

பிப்ரவரியில் 12(3) ஒப்பந்தம் கையெழுத்தானது. 2020 ஜூலை 19 முதல் ஆட்குறைப்பு என்று இரு தரப்பும் ஏற்பது, பணிக்கொடை முழுதாக, அதாவது 16,000-த்தைப் பதினைந்தால் பெருக்கி 26-ஆல் வகுத்துப் பதினோரு வருடத்துக்கு 1,01,538 ரூபாய், ஆட்குறைப்பு இழப்பீடு 70,000 மூன்று தவணையில். நாலாவது ஷரத்து: காரணக் குறியீட்டைத் திருத்தக் கோரி ஹோட்டல் இஎஸ்ஐக்கு ஏழு நாளில் கடிதம் எழுத வேண்டும். ஒருமுறை 2 ஏற்றியதை ஹோட்டலாலேயே கணினியில் மாற்ற முடியவில்லை. ஒப்பந்தத்தின் நகலை இணைத்துக் கடிதம் போனது. பிறகு விண்ணப்பம் மறுபடி ஏற்றி, அச்செடுத்து, ஆதார் நகலும் வங்கிப் புத்தக நகலுமாகக் கொடுத்தோம்.

கணக்கு இப்படி: முந்தைய நாலு சந்தாக் காலங்களின் மொத்தச் சம்பளத்தை 730-ஆல் வகுக்க வேண்டும். மாஸ்டருக்கு இரண்டு வருடமாகச் சம்பளம் ஏறாதது கணக்கை எளிதாக்கியது. 3,84,000-ஐ 730-ஆல் வகுத்தால் நாளுக்கு 526 ரூபாய். அதில் பாதி 263. தொண்ணூறு நாளுக்கு ஏறத்தாழ 23,670 ரூபாய். அவ்வளவுதான், இத்தனை பாடும் அதற்குத்தான்.

ஆட்குறைப்பு என்று எழுத்தில் வந்துவிட்டதால் இன்னொரு கதவும் திறந்தது. 2005 முதல் இருக்கும் ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா. ஆலை மூடல், ஆட்குறைப்பு, வேலைக்குச் சம்பந்தமில்லாத விபத்தில் நாற்பது சதவீதத்துக்குக் குறையாத நிரந்தர ஊனம், இந்த மூன்றில் ஒன்றால் வேலை இழந்தவருக்கு அது. முதல் பன்னிரண்டு மாதம் சம்பளத்தில் பாதி, அடுத்த பன்னிரண்டு மாதம் கால்பங்கு, குடும்பத்துக்கு வைத்தியமும் உண்டு. அடல் திட்டத்தைவிட எவ்வளவோ பெரியது. 2020-ல் இதைப் பற்றி யாரும் பேசவில்லை, பிரவுசிங் சென்டர் பையனுக்கும் தெரியாது. துவாக்குடியில் பெல் ஆர்டரை நம்பிய பட்டறைகள் வரிசையாக நொடித்த காலத்திலும், இப்படி ஒன்று இருப்பது தெரிந்து என்னிடம் வந்த வெல்டர்கள் மிகக் குறைவு. மாஸ்டரிடம் சொன்னேன். மீதமிருக்கும் மாதங்களுக்குக் கேட்டுப் பார்க்கலாம், ஆனால் வேறு வேலை கிடைத்த நாளோடு அது நின்றுவிடும் என்றும் சொன்னேன்.

"தை பொறந்ததிலேர்ந்து கல்யாண சமையலுக்குப் போயிட்டிருக்கேன் சார். மாசத்துல ஏழெட்டு நாள். வேலைக்குப் போயிட்டே வேலை இல்லைன்னு கையெழுத்துப் போடச் சொல்றீங்களா? ஒரு கையெழுத்துல பட்டது போதும்."

அப்போதிருந்த இஎஸ்ஐ சட்டத்தின் 84-ஆம் பிரிவில் பொய் விவரம் கொடுத்தால் ஆறு மாதம்வரை சிறை என்பது அவருக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை. தைக்கு முந்தைய மாதங்களுக்காவது கேட்டிருக்கலாம் என்று இன்றும் எனக்கு அபிப்பிராயம் உண்டு. அவர் வேண்டாம் என்றுவிட்டார்.

2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டங்கள் போய்த் தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. ஆட்குறைப்புக்கு ஆளானவரின் கணக்கில் பதினைந்து நாள் சம்பளத்தை நாற்பத்தைந்து நாளுக்குள் போடும் மறுதிறன் நிதி என்று ஒன்று புதிதாக வந்திருக்கிறது. அதுவும் ஆட்குறைப்புக்குத்தான், அதையும் கட்ட வேண்டியவர் முதலாளிதான். குறித்த கால ஒப்பந்தம் முடிந்து போகிறவர் ஆட்குறைப்பில் சேர மாட்டார். ஒப்பந்தத்தில் ஆள் எடுப்பது பெருகிக்கொண்டே போகும்போது 10 என்ற எண்ணைப் போடும் அவசியம் முதலாளிகளுக்கு இன்னும் குறையும் என்றுதான் தோன்றுகிறது.

மாஸ்டரோடு கடிதம் அனுப்பிய நாலு பேரில் இருவருக்கு அதே ஒப்பந்தத்தின் சாயலில் தீர்ந்தது. ஒருவர் திருப்பூருக்குப் போய்விட்டார், தகவல் இல்லை. இன்னொருவர் வேறு ஹோட்டலில் சேர்ந்துவிட்டதால் வேண்டாம் என்றார். இவர்களைத் தவிர ஐந்தாவதாக ஓர் அம்மாவும் வந்தார். அதே ஹோட்டலில் ஒன்பது வருடம் பாத்திரம் தேய்த்தவர், அம்மா மண்டபம் பக்கம் குடியிருப்பவர். மாஸ்டருக்குக் கிடைத்ததாகக் கேள்விப்பட்டு, தனக்கும் எழுதிக் கொடுக்கச் சொன்னார். இஎஸ்ஐ எண் என்ன என்று கேட்டேன். கார்டு எதுவும் கொடுக்கவில்லை, சனிக்கிழமை சனிக்கிழமை வவுச்சரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கையில் பணம் கொடுப்பார்கள் என்றார். அவர் பெயருக்கு நேரே போட எந்த எண்ணும் இல்லை, பெயரே இல்லை. ஊழியர்தானா என்பதையே முதலில் நிலைநாட்ட வேண்டியிருந்ததால், 75-ஆம் பிரிவில் இஎஸ்ஐ நீதிமன்றத்தில் தனி மனுவாகப் போட்டோம். சாட்சிப் பட்டியலில் முதல் பெயர் மாஸ்டருடையது.